பூச்சியம் என்றாலும் சொல்லத்தான் வேண்டும்



போன எபிசோடில், சைட் புரொஜெக்ட் ஒன்றை எப்போது லிமிட்டட் கம்பனியாக மாற்றுவது என்று கதைத்திருந்தோம். இங்கே கம்பனி தொடங்குவது பெரிய வேலையே இல்லை. லாப்டொப்பும் பாங்க் கார்ட்டும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். பலருக்குப் பிரச்சினை தொடங்குவது ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து. வாசல் கதவால் ஒரு பிரவுண் கவர் விழும். உள்ளே எச்.எம்.ஆர்.சி. எழுதிய கடிதம்: உங்கள் கம்பனியின் ரிட்டர்ன் இன்னும் எங்களுக்கு வரவில்லை. இந்தக் கிழமை அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

நான் கணக்காளர் இல்லை. ஐ.டி. கொன்ட்ராக்டர். சொந்தமாக ஒரு சின்னக் கம்பனி வைத்திருப்பதால் வருடா வருடம் இந்த ரிட்டர்னை அனுப்புகிறவன். அதனாலேயே சொந்தக்காரர்களும் நண்பர்களும் கவரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அப்படி வந்த கடிதங்களில் இருந்து படித்ததைத்தான் எழுதுகிறேன். எல்லாம் பிரித்தானிய விதிகள். வேறு நாட்டில் இருப்பவர்கள் திகதிகளையும் தொகைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது குற்றச்சாட்டு இல்லை

எங்கட வீடுகளில் அரசாங்கக் கடிதம் என்றால் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பழைய காரணங்கள் நிறைய. ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்காக வருடக் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, கடிதம் என்றால் தீர்ப்பு. அதனால் கவரைத் திறக்காமல் மைக்ரோவேவுக்கு மேலே வைப்பதும், ‘பிறகு பார்ப்பம்’ என்று லாச்சிக்குள் போடுவதும் நடக்கும்.

ஆனால் இந்தக் கடிதம் தீர்ப்பு இல்லை. டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: ஒரு ரோ வர வேண்டிய இடத்தில் ரோ இல்லை, அதனால் சிஸ்டம் கேட்கிறது. நீங்கள் உழைத்தீர்களா, நட்டப்பட்டீர்களா, ஒன்றுமே செய்யவில்லையா என்று அதற்குத் தெரியாது. ‘நல்’ என்பதும் பூச்சியம் என்பதும் ஒன்றில்லை என்று எஸ்.கியூ.எல். படித்த முதல் கிழமையிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எச்.எம்.ஆர்.சி.யும் அதையேதான் சொல்கிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் அது பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளாது. பூச்சியம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1999 யூலை 1 அல்லது அதற்குப் பிறகு முடிந்த கணக்குக் காலங்களில் இருந்து, கம்பனிகள் தங்களுடைய வரியைத் தாங்களே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அரசு வந்து கணக்குப் போட்டுத் தருவதில்லை. கம்பனியைப் பதிந்தவுடன் கம்பனீஸ் ஹவுஸ் எச்.எம்.ஆர்.சி.க்கு அறிவித்துவிடும். கொஞ்ச நாளில் யூ.டி.ஆர். என்கிற 10 இலக்க எண்ணோடு ஒரு கடிதம் பதிவு முகவரிக்கு வரும். அதற்குப் பிறகு, ரிட்டர்ன் தா என்று ‘நோட்டீஸ் டு டெலிவர்’ வந்தால், லாபம் இல்லாவிட்டாலும், கட்ட வரியே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் அனுப்பத்தான் வேண்டும்.

இரண்டு அலுவலகம், இரண்டு டேட்டாபேஸ்

அதிகமான கடிதங்கள் வருவதற்குக் காரணம் கள்ளக் கணக்கு இல்லை. கம்பனீஸ் ஹவுஸும் எச்.எம்.ஆர்.சி.யும் ஒன்று என்று நினைப்பதுதான்.

கம்பனீஸ் ஹவுஸ் என்பது பதிவேடு. அங்கே வருடாந்தக் கணக்கும், கம்பனி விபரங்கள் சரிதான் என்று உறுதி செய்யும் ஒரு அறிக்கையும் போக வேண்டும். எச்.எம்.ஆர்.சி. என்பது வரி. அங்கே சி.டி.600 என்கிற கம்பனி டக்ஸ் ரிட்டர்ன் போக வேண்டும். ஒரு இடத்தில் கொடுத்தது மற்ற இடத்தில் ரிட்டர்னாகப் பதிவாகாது.

திகதிகளும் வேறு. பிரைவேட் கம்பனி ஒன்றின் கணக்கு, நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கம்பனீஸ் ஹவுஸுக்குப் போக வேண்டும். வரி இருந்தால் 9 மாதமும் ஒரு நாளும் கழியும்போது கட்டி முடித்திருக்க வேண்டும். ரிட்டர்ன் அனுப்ப 12 மாதம். ஆம், காசு கட்டும் திகதி ரிட்டர்ன் அனுப்பும் திகதிக்கு முன்னால் வருகிறது. யார் இப்படி வடிவமைத்தது என்று கேட்க வேண்டாம். கலண்டரில் மூன்றையும் தனித்தனியாகப் போட்டு வையுங்கோ.

இதில் மாட்டிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எனக்கு மாமா முறை. வான் ஒன்று வைத்து டெலிவரி செய்வதற்காக ஒரு லிமிட்டட் கம்பனி வைத்திருந்தார். 2021 ஜனவரியில் முதுகு வருத்தத்தால் அதை நிறுத்திவிட்டு ஒரு வேர்ஹவுஸில் சம்பளத்துக்குப் போனார். வானை விற்றார், கம்பனியின் பாங்க் கணக்கையும் மார்ச்சுக்குள் மூடினார். 2021 மார்ச் 31 வரைக்குமான கணக்கையும் ரிட்டர்னையும் கணக்காளர் முடித்துக் கொடுத்தார். அதோடு கணக்காளருக்குக் கொடுக்கும் காசையும் நிறுத்தியாயிற்று.

அடுத்த வருடம் மாமா தானாகவே கம்பனீஸ் ஹவுஸ் வெப்சைட்டுக்குப் போய், ‘கம்பனி இயங்கவில்லை’ என்று டோர்மன்ட் கணக்கு அனுப்பினார். சரியாக, நேரத்துக்கு அனுப்பினார். பச்சை எழுத்தில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று வந்த ஈமெயிலை பிரின்ட் எடுத்து ஃபைலில் குத்தியும் வைத்திருந்தார். எச்.எம்.ஆர்.சி.க்கு ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

2022 மார்ச் 31-இல் முடிந்த வருடத்துக்கான ரிட்டர்ன், 2023 மார்ச் 31-க்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் 100 பவுண்ஸ் தண்டப்பணம். மூன்று மாதம் கழித்து இன்னொரு 100. பிறகு 2024 தொடக்கத்தில் வந்த கடிதத்தில் 4,300 பவுண்ஸ் வரி என்றும், அதன் மேல் 10 வீதம் தண்டம் என்றும் இருந்தது. வட்டி தனி.

“தம்பி, நான் அந்த வருசம் கம்பனியில ஒரு சதமும் உழைக்கேல்லை. இவங்கள் எங்கையிருந்து இந்தக் கணக்கை எடுத்தவங்கள்?” என்று கேட்டார். மாமி ஏற்கனவே முடிவெடுத்திருந்தா: “சீட்டை எடுத்துக் கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பம். உவங்களோட எங்களால கதைச்சு வெல்ல ஏலாது.”

அந்தச் சீட்டு மகளின் யுனிவர்சிட்டிக்கு என்று இரண்டு வருடமாகக் கட்டி வந்த காசு.

அவர்களே போட்ட கணக்கு

அந்த 4,300 எங்கிருந்து வந்தது? ரிட்டர்ன் 6 மாதம் பிந்தினால், நீங்கள் எவ்வளவு வரி கட்ட வேண்டியிருக்கும் என்று எச்.எம்.ஆர்.சி. தானே ஒரு தொகையைக் கணித்துப் போடலாம். இதற்கு ‘டக்ஸ் டிட்டர்மினேஷன்’ என்று பெயர். உங்களிடம் இருந்து தகவல் இல்லாததால் அவர்களிடம் இருக்கிற தகவலை வைத்துப் போடுகிறார்கள். மாமாவின் பழைய ரிட்டர்ன்களில் கம்பனி உழைத்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது.

இந்த டிட்டர்மினேஷனை எதிர்த்து அப்பீல் செய்ய முடியாது. இந்த ஒரு வசனத்தை வாசித்தவுடன்தான் பலரும் மனம் விட்டு, காசைத் தேடப் போகிறார்கள். ஆனால் அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். உண்மையான ரிட்டர்னை அனுப்பினால் அது அந்தக் கணிப்பின் இடத்தைப் பிடித்துவிடும். வட்டியும் வரியோடு சேர்ந்த தண்டமும் புதிய தொகையை வைத்துத் திரும்பக் கணக்கிடப்படும். இதற்கும் கால எல்லை உண்டு, அதனால் வருடக் கணக்கில் இழுக்க வேண்டாம்.

அதைத்தான் செய்தோம். பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சாப்பாட்டு மேசையில் இருந்து, பூச்சிய ரிட்டர்னை அனுப்பினோம். அடுத்த வருடத்துக்கானதும் மார்ச் 31-க்குள் போக வேண்டியிருந்தது. அதையும் அதே நாளில் அனுப்பினோம். வரி பூச்சியமானது. பூச்சியத்தின் 10 வீதமும் பூச்சியம். மிஞ்சியது பிந்தியதற்கான 200 பவுண்ஸ். அதை மாமா கட்டினார். கம்பனி உழைக்காவிட்டாலும் ரிட்டர்ன் பிந்தியது உண்மைதானே.

கட்டாமல் இருந்தால் கடிதம் கடன் வசூலிப்புக்குப் போகும். பயந்து கட்டியிருந்தால் வராத வரிக்கு ஒரு சீட்டுக் காசு போயிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதால்தான் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கிடைத்தது.

முதலில் கடிதத்தை வாசியுங்கோ

கவரைத் திறந்தவுடன் தொகையைப் பார்க்காதேங்கோ. நான்கு விஷயத்தைப் பாருங்கோ.

ஒன்று, யாருக்கு வந்தது. கம்பனிக்கு ஒரு யூ.டி.ஆர். உண்டு. டிரெக்டருக்குத் தனியாக செல்ஃப் அசெஸ்மென்ட் யூ.டி.ஆர். இருக்கலாம். இரண்டும் 10 இலக்கம். கம்பனி எண் என்பது வேறு, அது 8 எழுத்து. இவற்றை மாற்றிப் போட்டால் அனுப்பிய ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆகும், அல்லது கட்டிய காசு வேறு இடத்துக்குப் போகும். கோப்பரேஷன் டக்ஸ் கட்டுவதற்கான ரெஃபரன்ஸ் 17 எழுத்து. ஒவ்வொரு கணக்குக் காலத்துக்கும் அது மாறும். போன வருடத்து ரெஃபரன்ஸில் இந்த வருடக் காசைக் கட்ட வேண்டாம்.

இரண்டு, எந்த ரிட்டர்ன். எல்லாம் சி.டி.600 இல்லை. வற் பதிந்திருந்தால் வற் ரிட்டர்னாக இருக்கலாம். அங்கேயும் விற்பனை இல்லாவிட்டால் பூச்சிய ரிட்டர்ன் போக வேண்டும். 2023 ஜனவரியில் இருந்து வற்றுக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறவர் 4 புள்ளியை எட்டினால் 200 பவுண்ஸ். உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுக்க என்று பே திட்டம் திறந்திருந்தால், யாருக்கும் சம்பளம் கொடுக்காத மாதத்திலும் ‘கொடுக்கவில்லை’ என்று ஈ.பி.எஸ். அனுப்ப வேண்டும். கொன்ட்ராக்ட் இல்லாமல் இரண்டு மாதம் வீட்டில் இருக்கும் எங்கட ஆட்கள் மறப்பது இதைத்தான்.

மூன்று, எந்தக் காலப்பகுதி. இதில் ஒரு ‘ஓஃப் பை வன்’ பக் ஒளிந்திருக்கிறது. 2023 மே 14 அன்று கம்பனி தொடங்கினீர்கள் என்று வைப்போம். கம்பனீஸ் ஹவுஸ் முறைப்படி முதல் கணக்கு 2024 மே 31 வரை போகும். அது ஒரு வருடமும் 18 நாளும். ஆனால் கோப்பரேஷன் டக்ஸ் காலம் 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால் ரிட்டர்ன் இரண்டு: 2023 மே 14-இல் இருந்து 2024 மே 13 வரை ஒன்று, 2024 மே 14-இல் இருந்து 31 வரை இன்னொன்று. முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு ‘நான் அனுப்பிவிட்டேனே’ என்று இருந்தால், அந்த 18 நாளுக்குக் கடிதம் வரும். ரிட்டர்ன் இரண்டுக்கும் கடைசித் திகதி 2025 மே 31. வரி இருந்தால் கட்டும் திகதி மட்டும் தனித்தனி, 2025 பெப்ரவரி 14-உம் மார்ச் 1-உம்.

நான்கு, கடிதத்தின் திகதி. தண்டப்பணக் கடிதம் என்றால் அப்பீல் செய்ய 30 நாள்.

பதில் எந்த வகை

அனுப்பியாயிற்று என்றால்: நிரூபிக்க வேண்டும். சப்மிட் பட்டனை அழுத்தியது நிரூபணம் இல்லை. சேர்வர் வலிடேஷனில் ஃபெயில் ஆகியிருக்கலாம். ஏற்றுக்கொண்டதற்கான அக்னொலெஜ்மென்ட் வேண்டும். 2011 ஏப்ரலில் இருந்து கம்பனி ரிட்டர்ன்கள் ஒன்லைனில்தான் போகின்றன, கணக்குகள் ஐ.எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவத்தில். அதாவது மனிதர் வாசிக்கும் எச்.டி.எம்.எல். பக்கத்துக்குள்ளேயே இயந்திரம் வாசிக்கும் டாக்குகள். அனுப்பியதற்கு ஐ.ஆர்.மார்க் என்று ஒன்று உருவாகும். எங்கட பாஷையில் சொன்னால் அது அனுப்பிய எக்ஸ்.எம்.எல்.லின் ஒரு ஷா-1 ஹாஷ். நீங்கள் அனுப்பியதும் அவர்களுக்குக் கிடைத்ததும் ஒன்றுதான் என்று காட்ட அது போதும். கணக்காளர் அனுப்பினால் அவரிடம் கேட்டு வாங்கி உங்கட ஃபைலில் வையுங்கோ. “எல்லாம் முடிஞ்சுது, யோசிக்காதேங்கோ” என்று வாட்ஸ்அப்பில் வந்த வொய்ஸ் நோட் ரிசீட் ஆகாது.

அனுப்பவில்லை என்றால்: அனுப்புங்கோ. கையில் காசு இல்லை என்பது ரிட்டர்னைப் பிந்தவைக்கக் காரணம் இல்லை. ரிட்டர்னுக்கு ஒரு தண்டம், காசுக்கு வட்டி, இரண்டும் தனித்தனி மீட்டர். ரிட்டர்னை அனுப்பி ஒரு மீட்டரை நிறுத்திவிட்டு, காசுக்கு அவர்களை அழைத்துத் தவணை கேட்கலாம். எச்.எம்.ஆர்.சி. இலவசமாகத் தந்த ஒன்லைன் ஃபைலிங் சேவை 2026 மார்ச் 31-உடன் மூடப்பட்டது. இப்போது வெளியே விற்கும் சொஃப்ட்வெயார் ஒன்று வேண்டும், அல்லது கணக்காளர் வேண்டும்.

கம்பனி உறங்குகிறது என்றால்: நோட்டீஸ் ஏற்கனவே வந்துவிட்டதால் அந்தக் காலத்துக்கு ரிட்டர்ன் அனுப்புங்கோ. பிறகு கம்பனி டோர்மன்ட் என்று எச்.எம்.ஆர்.சி.க்குத் தனியாக அறிவியுங்கோ. அதற்கு முன் பாங்க் ஸ்டேட்மென்டைப் பாருங்கோ. கம்பனிக் கணக்கில் மறந்துபோன காசுக்கு வட்டி விழுந்துகொண்டிருந்தால் அது வருமானம். ஆப் ஸ்டோரில் இருந்து மாதம் இரண்டு பவுண்ஸ் வந்தாலும் அப்படித்தான். அது உறக்கம் இல்லை.

தண்டத்துக்கு அப்பீல் செய்ய நினைத்தால்: நெருங்கிய உறவினரின் மரணம், எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் தங்கியது, தீ, வெள்ளம், அனுப்பும் நேரத்தில் கொம்பியூட்டர் பழுதானது போன்றவற்றை ஏற்பார்கள். ‘ரிமைண்டர் வரவில்லை’, ‘வெப்சைட் கஷ்டமாக இருந்தது’ என்பவற்றை ஏற்க மாட்டார்கள். மாமாவுக்கு நாங்கள் அப்பீல் எழுதாததும் அதனால்தான்.

இனி விலை கூடும். ரிட்டர்னின் கடைசித் திகதி 2026 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் அந்த 100 பவுண்ஸ் 200 ஆகிறது. மூன்று மாதம் பிந்தினால் இன்னொரு 200. தொடர்ந்து மூன்று தடவை பிந்தினால் முன்பு 500 ஆக ஏறியது இனி 1,000. வரியே இல்லாத கம்பனிக்கும் இதுதான். கம்பனீஸ் ஹவுஸின் தண்டம் வேறு கணக்கு: ஒரு மாதம் வரை பிந்தினால் 150 பவுண்ஸ், 6 மாதத்துக்கு மேல் போனால் 1,500, அடுத்த வருடமும் பிந்தினால் இரட்டிப்பு.

ஒரு எச்சரிக்கை. கம்பனியின் பெயர், முகவரி, டிரெக்டர் பெயர் எல்லாம் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருக்கின்றன. கள்ளர்களும் பார்க்கிறார்கள். டெக்ஸ்டிலும் ஈமெயிலிலும் வரும் லிங்கை அழுத்தாமல், நீங்களே அரச வெப்சைட் முகவரியை டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கோ. கடிதம் உண்மை என்றால் அதே தொகை அங்கேயும் இருக்கும்.

அப்பாவுக்காகப் போன் எடுக்கும்போது

உங்களில் பலருக்கு இந்த வேலை புதிது இல்லை. பத்து வயதில் இருந்தே கவுன்சில் கடிதம், காஸ் பில், ஜி.பி. அப்பொயின்ட்மென்ட் என்று வீட்டுக்கு மொழிபெயர்த்தவர்கள் நீங்கள். ஆனால் எச்.எம்.ஆர்.சி. உங்களிடம் நேரே கதைக்காது. கம்பனியின் டிரெக்டரிடம், அல்லது முறையாக அதிகாரம் கொடுக்கப்பட்ட ஏஜென்டிடம் மட்டும்தான் விபரம் சொல்லும். அப்பாவாக நடித்துக் கதைக்கவே வேண்டாம்.

நேர் வழி இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருக்க அவர்கள் விடுகிறார்கள். 16 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், போன் எடுக்கும்போது அப்பாவோடு அதே அறையில் இருக்க வேண்டும். அவர் தன்னை யார் என்று உறுதி செய்த பிறகு நீங்கள் கதைக்கலாம். போனுக்கு முன் யூ.டி.ஆர்., காலப்பகுதி, கடிதத்தின் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கோ. கதைத்த நேரம், சொன்ன விஷயம் இரண்டையும் அதே தாளில் குறியுங்கோ. அப்பாவுக்கு ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுங்கோ. ‘நான் பாக்கிறன், நீங்கள் இருங்கோ’ என்று அவரை ஒதுக்கினால் அடுத்த கவரும் லாச்சிக்குள்தான் போகும்.

இன்னொரு விஷயம். “உன்ர பேரையும் டிரெக்டரா ஒருக்காப் போடுவம், சும்மா பேருக்குத்தான்” என்று வீட்டில் கேட்பார்கள். சட்டத்தில் பேருக்கு டிரெக்டர் என்று ஒன்று இல்லை. கணக்கு நேரத்துக்குப் போவது அவருடைய பொறுப்பு. 2025 நவம்பர் 18-இல் இருந்து டிரெக்டர்கள் தங்கள் அடையாளத்தைக் கம்பனீஸ் ஹவுஸுக்கு உறுதிப்படுத்தும் முறையும் கட்டாயமாகியிருக்கிறது. அன்பால் கேட்கிறார்கள் என்பது தெரியும். அதே அன்போடு, “அப்பா, கணக்கை எனக்கும் காட்டினால் போடுறன்” என்று சொல்லுங்கோ.

மூடுவது என்றால் ஒழுங்காக மூடுங்கோ

பலர் கம்பனியை மறந்துவிட்டால் அது தானாகச் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு விதத்தில் உண்மை. கணக்கே வராத கம்பனியைக் கம்பனீஸ் ஹவுஸ் ஒரு நாள் பதிவேட்டில் இருந்து நீக்கும். ஆனால் அந்த நேரத்தில் கம்பனியின் பெயரில் எது இருக்கிறதோ அது உரிமையாளர் இல்லாத சொத்தாகி முடிக்குரியதாகிவிடும். பாங்கில் இருக்கும் காசு மட்டும் இல்லை. டொமெயின் பெயர், ஆப்பின் கோட் உரிமை, டிரேட் மார்க் எல்லாம் கம்பனியின் பெயரில் இருந்தால் அவையும்தான். நான்கு நண்பர்கள் சேர்ந்து இரவிரவாக எழுதிய கோட் அப்படிப் போவது நல்லதில்லை.

ஒழுங்கான வழி: முதலில் ரிட்டர்ன்களை முடியுங்கோ, கடனைக் கட்டுங்கோ, சொத்தை வெளியே எடுங்கோ, பிறகு டி.எஸ்.01 விண்ணப்பம். கடைசி 3 மாதத்தில் கம்பனி வியாபாரம் செய்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தின் பிரதியை 7 நாளுக்குள் எச்.எம்.ஆர்.சி.க்கும் கொடுக்க வேண்டும். ரிட்டர்னோ வரியோ பாக்கி இருந்தால் அவர்கள் ஆட்சேபிப்பார்கள், நீக்கம் நின்றுவிடும். மாமா அந்த ரிட்டர்ன் இரண்டும் பதிவான பிறகுதான் விண்ணப்பித்தார். கம்பனி நீங்கிவிட்டது. சீட்டுக் காசு போக வேண்டிய இடத்துக்கே போனது.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

கம்பனீஸ் ஹவுஸ் வெப்சைட்டில் உங்கட பெயரையும் அம்மா, அப்பா பெயரையும் தேடுங்கோ. இலவசம், லொகின் வேண்டாம். எந்தக் கம்பனியில் யார் டிரெக்டர், பதிவு முகவரி எது, அடுத்த கணக்கு எப்போது என்று எல்லாம் வரும். பதிவு முகவரி நீங்கள் விட்டு வந்த பழைய வீடாக இருந்தால் இன்றே மாற்றுங்கோ. 2024 மார்ச் 4-இல் இருந்து, கடிதம் வந்தால் கம்பனியின் ஆளிடம் போய்ச் சேரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பது சட்டம். பி.ஓ. பொக்ஸ் செல்லாது.

பிறகு வீட்டு லாச்சியைப் பாருங்கோ. திறக்காத பிரவுண் கவர் இருந்தால், அது யார் பெயரில் வந்ததோ அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு திறவுங்கோ. பெரும்பாலும் உள்ளே கேட்டிருப்பது ஒரு காலப்பகுதிக்கு ஒரு இலக்கம் மட்டும்தான். அது பூச்சியமாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.